மரணசாசனத்தில் தம்பியின் பெயர்

எங்கள் வீட்டில் வாய்க்காரி நான்தான். பள்ளிமுனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் மாவும் நிறுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. சாமான் வராமலே கிடந்து ஒரு நாள் வந்துவிட்டால் வரிசை கோயில் மதில் வரைக்கும் நீளும். வாயில்லாதவள் அந்த மேசைக்குப் பின்னால் அரை நாள்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டாள். அப்படிப்பட்ட என்னை அப்பா ஒரு மத்தியானம், சோற்றுக் கோப்பைக்கு முன்னால், வாயடைத்துப்போய் இருக்க வைத்தார்.

மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்துக்கொண்டே, வேறு யாருடைய வீட்டுக் கதையையோ சொல்வதுபோல் சொன்னார்.

"நொத்தாரிசைக் கண்டு கதைச்சனான். மரணசாசனத்தை மாத்தப் போறன்."

"என்னத்தை மாத்தப் போறியள்?"

"தம்பியின்ர பேரை எடுத்துப்போட்டு உன்ர பேரைப் போடப் போறன்."

எனக்குக் கை பிசைந்த சோற்றோடு அப்படியே நின்றுவிட்டது. குசினி வாசலில் நின்ற அம்மா அகப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அப்பா மட்டும் அடுத்த வாயைப் பிசைந்துகொண்டிருந்தார்.

எங்களிடம் இருந்தது இரண்டே சொத்து. இந்தப் பள்ளிமுனை வீடு அம்மாவின் சீதனம். சீதன வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அதனால் அது எனக்கு வரும் என்பதில் யாருக்கும் பேச்சில்லை. அப்பாவுடையது கரைக்கு அப்பால் அடம்பனில் இருந்த வயல். வலையும் தூண்டில் நூலும் விற்கிற சின்னக் கடையை வைத்துக்கொண்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய வயல் அது. பிரச்சினை முற்றுவதற்கு முந்தியே அதைத் தனக்குப் பின் தம்பிக்கென்று சாசனம் எழுதி வைத்திருந்தார். தம்பியும் கடலுக்குப் போகமாட்டேன், கடையில் இருக்கமாட்டேன் என்று மண்வெட்டியோடு அடம்பனுக்கே போய்விட்டவன்.

பிறகு சண்டை பெருத்து, நாங்கள் இருந்த மன்னார்த் தீவு ஆமியின் பக்கமும் வயல் இயக்கத்தின் பக்கமும் ஆகிவிட்டது. பாதை சில நாள் திறக்கும், பல நாள் மூடும். திறந்தாலும் பாஸ் வேண்டும். இளம் பொடியன் வந்தால் சோதனையில் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று தம்பி அங்கேயே நின்றான். அவனோடு வயலில் கூலிக்கு நின்ற ஒருவர் மட்டும் இடைக்கிடை விறகு கொண்டு வருவார். மலைநாட்டிலிருந்து வந்து உயிலங்குளத்தில் குடியேறிய குடும்பத்து மனிதர். அவருடைய கையில் தம்பி ஒரு துண்டுக் கடிதம் கொடுத்துவிடுவான். அம்மா அவரிடம் கருவாட்டுப் பார்சல் கொடுத்துவிடுவார். கொஞ்சக் காலமாகக் கடிதம் வருவதில்லை. கடிதம் கொண்டுவந்தால் சோதனையில் கரைச்சல் என்று அப்பா சொன்னார். நாங்களும் நம்பினோம்.

இப்போது அந்தப் பிள்ளையின் பேரை வெட்டப் போகிறாராம்.

"அவன் உங்களுக்கு என்ன செய்தவன்?" என்று அம்மா கேட்டார்.

"என்னைக் கேளாமல் அங்கை போய் நிண்டவன். இண்டைக்கு வரைக்கும் என்ர சொல்லுக் கேக்காதவன். அவனுக்கு என்ன காணி?"

"உங்களுக்கு விசரே பிடிச்சிருக்கு? பெத்த பிள்ளையை வெட்டுறதோ?"

"ஓம். வெட்டத்தான் போறன்."

நானும் விட்டுவைக்கவில்லை. "உங்கட வயல் எனக்கு வேண்டாம். ஊர் என்னைக் கள்ளி எண்டு சொல்லட்டும் எண்டு நினைக்கிறியளோ? தம்பி நாளைக்கு வந்து நிண்டால் நான் எந்த முகத்தோடை அவனைப் பாக்கிறது?" என்று கத்தினேன். அப்படிக் கேட்டதற்காக நான் இன்றைக்கும் வருந்தவில்லை. ஒன்றும் தெரியாதவள் வேறு எதைக் கேட்பாள்? அப்பா கையைக் கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அம்மா அவரோடு நேரே பேசுவதை நிறுத்தினார். "கொப்பரைச் சாப்பிட வரச்சொல்லு" என்று என்னிடம் சொல்வார். அவர் அடுத்த கதிரையில்தான் இருப்பார். வைவது மட்டும் நேரே நடக்கும். தேங்காய் துருவும்போது வைவார், கிணற்றில் அள்ளும்போது வைவார். மகனை வெட்டின மனிசன் என்ற ஒன்றையே மாற்றி மாற்றிச் சொல்வார். அப்பா ஒரு சொல்லுக்கும் மறுசொல் சொன்னதில்லை. எனக்கு அதுவும் ஆத்திரமாகத்தான் இருந்தது.

பொழுதுபட்டதும் மாதா சுரூபத்துக்கு முன்னால் செபமாலை சொல்வது எங்கள் வீட்டில் தவறாது. அப்பாதான் முன்னுக்குச் சொல்வார், நானும் அம்மாவும் மறுமொழி சொல்வோம். எல்லாம் முடிந்த பிறகு, தம்பி சுகமாய்த் திரும்பி வரவேண்டும் என்று ஒரு பரலோக மந்திரம் சொல்வோம். சில காலமாக அந்த இடம் வந்ததும் அப்பாவுக்கு இருமல் வரும், இல்லையென்றால் சுரூபத்தடி மெழுகைச் சுரண்டிக்கொண்டிருப்பார். அம்மாதான் தொடங்கி முடிப்பார். சாசனக் கதை வந்த பிறகு எனக்கு அதற்கு விளக்கம் கிடைத்ததாக நினைத்தேன். மாதாவுக்கு முன்னாலும் பிடிவாதமா என்று உள்ளுக்குள் கொதித்தேன்.

சங்கக்கடை வரிசையில் கதை பரவ எவ்வளவு நேரம் வேண்டும்? ஒருத்தி மாவுக்குப் பையை நீட்டிக்கொண்டே, "இனி உங்களுக்கு மா என்னத்துக்கு, நெல்லு மூட்டை மூட்டையா வருமே" என்றாள். நான் கரண்டியைத் தராசுத் தட்டில் போட்ட போட்டில் வரிசை முழுவதும் வாயை மூடியது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். செய்யாத களவுக்குப் பேர் கேட்பதைப்போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

சாசனம் எழுதுகிற நொத்தாரிசிடம் போகிற நாள் வந்தது. பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார். அப்பா விடியவே வெளிக்கிட்டவர், கடையும் பூட்டிக் கிடந்தது. பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடைக்காரரிடம் கேட்டேன்.

"கொப்பர் பேசாலை பஸ்ஸிலை போனவர். மாதத்திலை ஒருக்கால் போறவரெல்லே, உனக்குத் தெரியாதோ?"

தெரியாது. நூல் எடுக்கப் போகிறேன் என்பார், பேசாலைக்கு என்று சொன்னதில்லை. ஒருவேளை மனம் மாறி, நொத்தாரிசுக்கு ஒளித்துத் திரிகிறாரோ என்று ஒரு ஆசை வந்தது. எப்படியும் ஆளைப் பிடித்து, ஒன்றில் இன்றைக்கே இந்தக் கூத்தை நிறுத்துவது, இல்லையென்றால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பது என்று அடுத்த பஸ்ஸில் ஏறினேன். நடுவழியில் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, மறுபடி ஏற்றினார்கள். கேட்கவேண்டிய வார்த்தைகளை நான் அந்த வரிசையிலும் அடுக்கிக்கொண்டே நின்றேன்.

பேசாலையில் இறங்கிச் சந்தியில் விசாரித்தேன். கோயிலுக்குள் போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். வார நாள் பூசை அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆட்கள் அங்கொருவர் இங்கொருவராக இருந்தார்கள். முன் வரிசை வாங்கில் அப்பாவின் முதுகு தெரிந்தது. கடைசித் தூணோடு நான் நின்றேன். பூசை முடியட்டும், வெளியே வைத்துக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவாமியார் பீடத்தில் நின்று, அன்றைய பூசை யாருக்காக என்று வாசித்தார். இன்னாருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்றார்.

அது என் தம்பியின் பெயர்.

அவனுடைய ஞானஸ்நானப் பெயரும், அதற்குப் பின்னால் அப்பாவின் பெயரும். முழுப் பெயராக வாசித்தார். அந்தப் பெயரில் இன்னொருத்தன் இருக்கலாம் என்று நினைக்க ஒரு இடுக்குக்கூட விடாமல் வாசித்தார்.

எனக்குக் காது இரைந்தது. தூணைப் பிடித்தேன். தூண் குளிர்ந்து கிடந்ததும், என் காலில் ஒரு செருப்பு வார் அறுந்திருந்ததும் நினைவிருக்கிறது. அழுகை வரவில்லை. "இது பிழை, சுவாமி, பேர் மாறி வாசிச்சுப்போட்டியள்" என்று கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் அப்பா முழங்காலில் இருந்தார். பெயர் வாசித்தபோது தலை ஒரு கணம்கூடத் திடுக்கிட்டு நிமிரவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

பூசை முடிந்து திரும்பியவர் என்னைக் கண்டார். கோயில் விறாந்தையில் போய் இருந்தார், நானும் பக்கத்தில் இருந்தேன்.

"எப்ப?" என்றேன்.

"போன மாரிக்கு. ஷெல் விழுந்தது. விறகு கொண்டு வாற மனிசன்தான் வந்து சொன்னது. அந்தாள்தான் எடுத்து, எங்கட வயல் வரம்போடை அடக்கம் செய்தது. வேறை ஒரு இடத்துக்கும் கொண்டு போகேலாத நாளாம்."

"அம்மாவின்ர பார்சல்?"

"அந்த மனிசன்ர பிள்ளையள் தின்னுதுகள். தின்னட்டும்."

போன மாரி. அதற்குப் பிறகு எத்தனை பார்சல் கட்டினோம், எத்தனை செபமாலை சொன்னோம். அவ்வளவும் இந்த மனிதர் தனிய வைத்துக்கொண்டு எங்கள் நடுவில் இருந்து சோறு தின்றிருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்குப் பிடிக்க இடமும் இல்லாமல் போனது.

"பள்ளிமுனைக் கோயிலிலை பூசை குடுத்தால் பேரை வாசிப்பினம். கொம்மா முன்னுக்கு இருப்பா. அதுதான் இஞ்சை வாறன்."

"சரி. சாசனத்தை ஏன் மாத்திறியள்? அது கிடந்திட்டுப் போகட்டுமே."

அப்பா நெஞ்சைத் தடவினார். "இது இப்ப சரியில்லை, பிள்ளை. டொக்டர் சொல்லிப்போட்டார். நான் கண்ணை மூடினாப் பிறகு சாசனம் கோட்டுக்குப் போகும். அதிலை அவன்ர பேர் இருந்தால் ஆள் எங்கை எண்டு கேப்பாங்கள். ஆரிட்டைக் கேப்பாங்கள்? கொம்மாவிட்டை. செத்தவன் எண்டால் அத்தாட்சி கொண்டு வா எண்டுவாங்கள். அவ அதைத் தேடிக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்க வேணும். பேர் இல்லாட்டி ஒருத்தரும் கேக்க மாட்டாங்கள்."

"அதுவரைக்கும் அம்மா உங்களை வைஞ்சுகொண்டே இருக்கட்டுமோ?"

"மகன் உயிரோடை இருக்கிறான் எண்டு நினைச்சால்தானே அவ என்னை வைய ஏலும். வையட்டும்."

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் என்னிடம் மிஞ்சவில்லை. எழும்பி அவருடைய குடையை எடுத்துக்கொண்டேன். மன்னாருக்குத் திரும்பி, நொத்தாரிசின் கந்தோருக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். சொத்துப் பெறுகிற ஆள் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று நொத்தாரிசு என்னை வெளியே இருக்கச் சொன்னார். சாட்சிக்காரர் இருவரும் உள்ளே போனார்கள். வெட்டவில்லை, கிழிக்கவில்லை. பழையதை நீக்கிப் புதிதாக ஒன்றை எழுதினார்கள். அப்பா கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தபோது சேட்டு முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது.

அதன் பிறகு வீட்டில் நானும் நடிக்கவேண்டியதாயிற்று. வாய்க்காரிக்கு அதைவிடத் தண்டனை வேறென்ன? அம்மா வைய வைய நான் பேசாமல் இருந்தேன். "நீயும் அவரோடை சேர்ந்திட்டாய், வயல் கிடைச்சிட்டுதெல்லே" என்றார். அதையும் விழுங்கினேன். பார்சல் கட்டுவது நிற்கவில்லை. ஒரு நாள் பார்த்தால், கருவாட்டுக்குப் பக்கத்தில் தோடம்பழ இனிப்பும் பனங்காய்ப் பணியாரமும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி என்ன சின்னப் பிள்ளையோ?" என்று, நடிப்பு பிசகாமல் இருக்க, கேட்டேன்.

"கிடக்கட்டும்" என்றார்.

அப்பாவின் நெஞ்சு அடுத்த சோளகக் காற்றுக் காலத்தைத் தாண்டவில்லை. கடையில் நூல் சுற்றிக்கொண்டு இருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பெட்டியைத் தூக்க வந்தபோதும் அம்மா அதைத்தான் சொல்லி அழுதார். "பிள்ளையை வெட்டிப்போட்டுப் போறியளே" என்றார். கூடி நின்ற சனம் என்னைப் பார்த்தது. சாசனம் நீதிமன்றத்துக்குப் போனது. அப்பா சொன்னபடியே நடந்தது. தம்பி எங்கே என்று ஒரு குருவிகூடக் கேட்கவில்லை.

எல்லாம் அடங்கி, முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்த பிறகு, அம்மா அலுமாரியிலிருந்து கோயிலுக்கு உடுக்கிற சீலையை எடுத்து உடுத்தார். "நொத்தாரிசிட்டைப் போவம், வா" என்றார். வீட்டை என் பேரில் எழுதத்தான் என்று நினைத்தேன்.

நொத்தாரிசு கதிரை போட்டு இருத்தினார்.

"என்ர வீட்டுக்கு ஒரு மரணசாசனம் எழுத வேணும், ஐயா. பாதி மகனுக்கு, பாதி மகளுக்கு. மகன்ர பேரை முதல் எழுதுங்கோ."

சீதன வீட்டில் ஆண்பிள்ளைக்குப் பாதி என்று எங்கள் பக்கம் கேள்விப்பட்டதே இல்லை. நொத்தாரிசு என்னைப் பார்த்தார். அவருக்கு அப்பா உண்மையைச் சொல்லியிருந்தார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. அப்பா கட்டிக் காத்ததெல்லாம் இந்த மேசையில் உடையப் போகிறது என்று பயந்தேன்.

"அம்மா, மகன் இப்ப..." என்று அவர் இழுத்தார்.

"செத்துப் போனான். தெரியும். நீங்கள் எழுதுங்கோ."

பேசாலைத் தூணடியில் வந்த அதே இரைச்சல் என் காதுக்குள் வந்தது.

"ஆர் சொன்னது, அம்மா?" என்றேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு நாள் செபமாலையிலை அவனுக்குச் சொல்லுற பரலோக மந்திரத்துக்கு அவர் வாய் திறக்கேல்லை. என்னட்டை எவ்வளவு பொய்யும் சொல்லுவார். மாதாவிட்டைச் சொல்ல மாட்டார். அண்டைக்கே விளங்கிப் போட்டுது."

"அப்ப அந்தப் பார்சல்?"

"அந்த மனிசனுக்குச் சின்னப் பிள்ளையள் இருக்கெண்டு தெரியும்தானே."

"பிறகு ஏன் அப்பாவை அந்த வையல் வைஞ்சனீங்கள்? சாகுமட்டும் வைஞ்சனீங்களே."

"வெட்டினவர்தானே. எனக்காண்டித்தான் எண்டும் தெரியும். எண்டாலும் வெட்டினவர்தானே. அவனுக்கு இஞ்சை ஒரு சிலுவை இருக்கோ, ஒரு கல்லு இருக்கோ? அந்த ஒரு கடுதாசியிலைதான் என்ர பிள்ளையின்ர பேர் கிடந்தது. அதையும் எடுத்துப்போட்டார்."

நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறந்தவருக்கு எழுதினால் அந்தப் பங்கு அவருக்குப் போகாது, பிறகு கந்தோர்களில் கரைச்சல், ஆள் எங்கே என்று கேட்பார்கள், மகள்தான் அலையவேண்டி வரும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். அப்பா பேசாலையில் சொன்ன அதே கதை. அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேக்கட்டும், ஐயா. அதுக்குத்தான் எழுதச் சொல்லுறன். அவன் எங்கை எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒரு கந்தோரும் கேக்கேல்லை. ஒருத்தனாவது கேக்கட்டும்."

"கேட்டால் நான் என்னம்மா சொல்லுறது?"

"நடந்ததைச் சொல்லு. உனக்குத்தான் வாய் இருக்கே."

நொத்தாரிசு எழுதினார். தம்பியின் பெயர் முதலாவதாகவும் என்னுடையது இரண்டாவதாகவும் இருந்தது. அம்மா அதை வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். பாதி வீடு போனதே என்று எனக்கு ஒரு துளி வருத்தமும் வரவில்லை.

அம்மா போனபோதும் சண்டை முடிந்திருக்கவில்லை. சாசனத்தைத் தூக்கிக்கொண்டு நான் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். வெயிலில் நீண்ட வரிசை. எனக்குப் பின்னால் காணாமல்போனவர்களின் தாய்மார், பாஸுக்கு வந்தவர்கள், அரிசி முத்திரைக்கு வந்தவர்கள் என்று எத்தனையோ பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம் எழுதுவினைஞர் கடுதாசியைப் புரட்டிப் பார்த்தார். முதலாவது பெயரில் விரலை வைத்தார்.

"இவர் எங்கை?" என்று கேட்டார்.

அம்மா சொன்னது சரி. அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. நான் சொன்னேன். பெயரையும் ஊரையும், ஷெல் விழுந்ததையும், வயல் வரம்பில் அடக்கம் செய்ததையும், அந்த வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.